போன் காட்டிய வீடு

பிரேமினி தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கு லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான தன் காம்பராவுக்குள் இருந்தாள். அவளுடைய போனும் அவள் கையிலேயே இருந்தது. ஆனால் கணக்கப்பிள்ளை பிரதாப்பின் குவாட்டர்ஸில் அவள் இருப்பதாக அந்தப் போன் கத்தாருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

கத்தாரில் இருந்தது அவள் புருஷன் றொக்சன். அவன் தன் போனில் மேப்பைத் திறந்தால், பிரேமினி என்று பெயர் போட்ட நீலப் புள்ளியொன்று தெரியும். பகலெல்லாம் அது ஒழுங்காகத்தான் இருக்கும். அவள் வேலை செய்கிற பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துக் கைக்குழந்தைகளுக்கு நடுவே நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். பொழுது சாய்ந்து அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாளோ இல்லையோ, புள்ளி மெல்ல நகர்ந்து, லயத்துக்கு மேலே மேட்டில் இருக்கிற குவாட்டர்ஸ் கூரையில் ஏறிக்கொள்ளும். விடியும்வரை இறங்காது. பிரதாப்புக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

இந்த வினையைப் போனுக்குள் ஏற்றியது றொக்சனேதான், அதுவும் பாசத்தில். போன பெருமழையில் மலை சரிந்து, பாதை உடைந்து, டவரும் விழுந்து, தோட்டத்துக்கு ஒரு போன் கோல்கூடக் கிடைக்காமல் அவன் அங்கே சோறு தண்ணியில்லாமல் பைத்தியக்காரனாகத் திரிந்தான். அதற்கப்புறம் லீவில் வந்தவன் முதல் வேலையாக அவள் போனில் குடும்பத்தாரின் இருப்பிடம் காட்டுகிற ஒரு ஆப்பைப் போட்டுவிட்டான். இனி மண் சரிந்தாலும் மலை சரிந்தாலும் நீயும் பிள்ளையும் எங்கே இருக்கிறீர்கள் என்று நான் பார்த்துக்கொள்வேன் என்றான். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? அவளும் சந்தோஷமாகவே போனை நீட்டினாள். கடல் தாண்டி இருக்கிறவன் கண் தன்மேல் இருக்கிறது என்பது முதல் சில வாரம் அவளுக்கு இதமாகக்கூட இருந்தது.

பிறகு கேள்விகள் தொடங்கின. எங்கே இருக்கிறாய் என்றான். அடுப்படியில் என்றாள். வீடியோவில் வரச் சொன்னான். வந்தாள், ரொட்டிக்கல்லைக் காட்டினாள், மகள் சுலக்ஷனாவைக் காட்டினாள். அன்றைக்கு அடங்கினான். மறுநாள் மேப்பைப் படம் பிடித்து, பிரதாப் வீட்டைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினான். அதைப் பார்த்து பிரேமினி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு வினையாயிற்று. பதில் சொல்ல முடியாதவள் சிரித்து மழுப்புகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

போன் பிழையாகக் காட்டுகிறது என்று அவள் எத்தனையோ விதமாகச் சொன்னாள். அவன் அங்கே செய்வது சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. தெருப் பெயர் தெரியாத ஊரில், பாஷை தெரியாத வீடுகளுக்கு, மேப்பை நம்பித்தான் நாள் முழுக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான்.

"இந்த மேப்பு ஒரு நாளும் என்னய வேற வீட்டு வாசல்ல கொண்டுபோயி விட்டதில்ல பிரேமினி. ஒன் விசயத்துல மட்டும் பொய் சொல்லுமா?" என்றான்.

அவனுக்குச் சோறு போடுகிற தெய்வம் அது. அதோடு போட்டி போட்டு ஜெயிக்க பிரேமினியால் ஆகுமா? எனக்கு அவன்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி இந்த இடத்தில் பரிதாபமாகிவிடுகிறது. மீதிப் பாதி ஆத்திரமாகவே இருக்கட்டும்.

றொக்சன் அடுத்து, தன் தாயைக் காவல் போட்டான். தெரேசா மாமிக்குப் பக்கத்துக் காம்பரா. நடுச்சுவர் கூரைவரை எட்டாது, இங்கே இருமினால் அங்கே கேட்கும். அப்படியிருந்தும் மாமிக்குத் திருப்தியில்லை. ராவானால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பிள்ள, நெருப்புப்பெட்டி இருக்கா?" என்று குரல் வரும். பிரேமினி எழுந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நெருப்புப்பெட்டி. லயத்தையே கொளுத்துகிற அளவுக்கு மாமி வீட்டில் நெருப்புப்பெட்டி சேர்ந்தது. எதற்காகக் கேட்கிறார் என்று இவளுக்குத் தெரியும். தெரியும் என்பது மாமிக்கும் தெரியும். 

மகனிடம் மாமி, அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று உண்மையைத்தான் சொன்னார். ஆனால் புள்ளி அங்கே கூரைமேல் நிற்க, நீங்கள் அசந்த நேரம் பார்த்துப் போகிறாளாக்கும் என்று மகன் சொல்லச் சொல்ல, மாமிக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மருமகளோடு சேர்ந்து நடப்பதை விட்டு, நாலு எட்டு முன்னால் நடந்தார். பிரேமினிக்குத் தாங்க முடியாமல் போனது அன்றைக்குத்தான். புருஷன் கடலுக்கு அப்பால் இருந்து சந்தேகப்படுகிறான், போகட்டும். தினமும் தன் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிற மனுஷி முன்னால் நடக்கிறாளே என்று கோயிலில் முட்டி போட்டபடி அழுதாள்.

அப்போதுதான் அவள் போனில் ஒரு அறிவிப்பு வந்தது. புதிய பதிப்பு வரவிருக்கிறது, இருப்பிடத் துல்லியம் மேம்படுத்தப்பட்டுள்ளது என்று யாரோ அகராதியைப் பார்த்து எழுதிய தமிழில் இருந்தது. எவர் எழுதினால் என்ன, பிரேமினிக்கு அது தேவ வாக்காக இருந்தது. பிள்ளைகளுக்குப் பால் கரைக்கிற இடைவெளியிலும் செட்டிங்ஸைத் திறந்து பார்ப்பாள். உங்கள் சாதனத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று அது சொல்லும். செபமாலையை எடுத்தாலும் அந்த அப்டேட்டுக்காகத்தான் எடுத்தாள். மாதாவுக்கு இப்படியொரு விண்ணப்பம் அதற்குமுன் போயிருக்காது.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறினாள். பஜாரில் ஃபாஸிலின் போன் கடை எப்போதும் சனம் நிறைந்திருக்கும். போனைப் பழுதுபார்க்க வருகிறவர்களைவிட அடுத்த அப்டேட்டில் என்ன வருகிறது என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். ராகலையில் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர், தமிழ் எழுத்து உடையாமல் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மழை ஈரத்தோடு விரல் வைத்தாலும் பூட்டு திறக்கவேண்டும் என்றாள் கொழுந்து கிள்ளுகிற ஒருத்தி. நடுநடுவே எண்ணெய் விளம்பரம் வராத போன் வேண்டும் என்றார் ஒரு கிழவர். ஃபாஸில் எல்லோருக்கும் வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பிரேமினி தன் குறையை எல்லார் முன்னாலும் சொல்ல முடியுமா? சனம் குறையும்வரை போன் உறைகளைப் பார்ப்பதுபோல நின்றாள். பிறகு, தெரிந்த ஒருத்திக்கு நடந்தது என்று சொல்லிக் கதையைத் தொடங்கினாள். பாதிக் கதையிலேயே அவள் கண் கலங்கியதைப் பார்த்து, அந்தத் தெரிந்த ஒருத்தி யாரென்று ஃபாஸிலுக்குப் புரிந்துவிட்டது. நல்ல பிள்ளை, காட்டிக்கொள்ளவில்லை.

அந்த மேட்டு வீட்டில் வைஃபை இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள். கொழுந்து எடை போட்ட விபரத்தை உடனுக்குடன் ஆபீசுக்கு அனுப்புவதற்காகக் கணக்கப்பிள்ளை குவாட்டர்ஸில் தோட்ட நிர்வாகம் பொருத்திக் கொடுத்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை.

"அதுதான் அக்கா விசயம். தகரக் கூரைக்குக் கீழ போனா போனுக்கு ஆகாசம் தெரியாது. அப்ப பக்கத்துல எந்த வைஃபை மணக்குதோ, அது இரிக்கிற எடத்தத் தன்னோட எடம்னு நெனச்சுக்கும். ஒங்க போன் மட்டுமில்ல, பொழுது பட்டா அந்த லயத்துப் போன் அத்தனையும் அந்த மனுசன் வீட்லதான் நிக்கும்."

பிரேமினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.  இதை என் வீட்டுக்காரருக்கு நீங்களே சொல்லுங்கள் தம்பி என்று வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டாள். இளந்தாரிக் குரலில் ஒரு விளக்கம் போனால், பிரதாப்பை விட்டுவிட்டு இனி ஃபாஸில் யார் என்று றொக்சன் கேட்பான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தவள், வீட்டுக்கு வந்ததும் சண்டை போடவுமில்லை, விளக்கம் சொல்லவுமில்லை. நேரே மாமியிடம் போனாள். மாமியிடமும் ஒரு போன் இருந்தது, மகன் பாவித்துக் கழித்துக் கொடுத்தது. அதில் பூசை பார்ப்பார், ஒப்பாரியாக வருகிற நாடகங்களும் பார்ப்பார். மாமி, உங்களையும் அந்த ஆப்பில் சேர்த்துவிடவா, மழைகாலம் வருகிறது, மகன் உங்களையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். தெரேசா மாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்னைத் தேட ஒரு ஆள் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் குளிராது?

அன்று பொழுது பட்டது. மாமி அடுப்பில் உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பிரேமினி தன் காம்பராவில் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். மாமியின் போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டால்தான் மாமிக்குக் காது கேட்கும், ஆகையால் சுவருக்கு இந்தப் பக்கமும் எல்லாம் கேட்டது.

"அம்மா, இந்நேரத்துல கணக்கப்புள்ள வீட்ல என்ன செய்றீங்க?"

"யார்ரா கணக்கப்புள்ள வீட்ல? நா அடுப்படியில குந்திக்கிட்டு இருக்கேன்."

"மேப்பு அங்கதான காட்டுது."

"மேப்பு காட்டுதாம். வயசான காலத்துல நா அங்க போயி என்னடா செய்யப்போறேன், எடுபட்டவனே."

 சொல்லிவிட்டு மாமி கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாய்க்கும் மகனுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்கவேண்டும். பிரேமினி சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள். மாமியின் கையிலிருந்து போனை மரியாதையாக வாங்கினாள். அவள் குரல் உயரவில்லை.

"ஒங்க அம்மாவுக்குன்னா மேப்பு பொய் சொல்லும். எனக்குன்னா மட்டும் உண்மை சொல்லுமாங்க?"

றொக்சன் அழுதான். ஆம்பிளை அழுவதைக் கேட்டால் மனம் இளகவேண்டும் என்று அவளுக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அது இளகுவதாக இல்லை. அவன் தன் தாய்மேல் ஆணையிட்டான், இனி அந்த மேப்பைத் திறந்தே பார்க்கமாட்டேன் என்றான். மறுநாள் காலையில் மாமி ஒரு பையில் நெருப்புப்பெட்டிகளைப் போட்டுக் கொண்டுவந்து இவள் வாசலில் வைத்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷி அதற்குமேல் என்ன செய்வார்? பிரேமினி அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். அந்த அப்டேட் வராமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

வந்தது. சிக்னலுக்காக லயத்துக் கோடியில் போனை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். போன் செத்துப் பிழைத்து எழுந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்து மேப்பைத் திறந்தால், நீலப் புள்ளி சொல்லிவைத்தாற்போல அவள் காம்பராவிலேயே நின்றது. வாசலுக்கு வந்தால் வாசலுக்கு வந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், பின்னாலேயே பீலிக்கு வந்தது. அவள் மண்டியிட்டுக் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டாள். அதற்கப்புறம்தான், இனிமேல் போன் பிழை என்று சொல்வதற்கு வழியில்லை என்ற எண்ணம் வந்தது.

பிள்ளைக்காம்பராவுக்குப் போகிற குறுக்குப் பாதை குவாட்டர்ஸ் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. பிறந்ததிலிருந்து நடந்த பாதை. அந்தப் பாதையை விட்டுவிட்டு, தேயிலைக்குள் இறங்கிச் சுற்றிப் போகத் தொடங்கினாள். அட்டை கடித்தது, பாவாடை நனைந்தது, நேரமும் பிந்தியது. ஏன் இப்படிப் போகிறாய் என்று கேட்டவர்களுக்குக் குறுக்குப் பாதை வழுக்குகிறது என்றாள். யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. றொக்சன்தான் இப்போது பார்ப்பதேயில்லையே.

பார்ப்பதில்லையா? இதுதான் அவளை அரித்தது. சத்தியம் செய்தவன் சத்தியத்தைக் காப்பாற்றுகிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவன் பேச்சில் ஒரு மாற்றமுமில்லை, அன்பாகத்தான் பேசினான். காலையில் பிந்திப் போனாயா என்று ஒருநாள் கேட்டான். மேப்பில் பார்த்துக் கேட்டானா, சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டானா? ஆப்பையே நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், பிரேமினி பகிர்வை நிறுத்திவிட்டார் என்று அது அவனுக்கு உடனே கோள் சொல்லுமாம். மறைக்க ஒன்றுமில்லாதவள் ஏன் நிறுத்துகிறாள் என்ற கேள்வி வரும். சந்தேகம் அவன் வீட்டைக் காலி பண்ணிவிட்டு இவள் வீட்டில் குடிவந்துவிட்டது.

சுலக்ஷனாவின் காலுக்குச் சப்பாத்து வாங்குகிற சாக்கில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் ஹட்டனுக்குப் போனாள். பிள்ளையை மாமியிடம் விட்டிருந்தாள். சப்பாத்தை வாங்கிக்கொண்டு நேரே ஃபாஸில் கடைக்குத்தான் போனாள். அந்தப் பக்கத்து ஆள் மேப்பைத் திறந்து நம்மைப் பார்க்கும்போது, பார்க்கிறார் என்று நமக்கு ஒரு மணி அடிக்கிற மாதிரி ஏதாவது வருமா என்று கேட்டாள். இந்த முறை, தெரிந்த ஒருத்திக்கு என்று சொல்லவில்லை.

ஃபாஸில் வழக்கமான வரும், வரும் என்பதைச் சொல்லவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றான். அது இருந்தால் பாதிப் பேர் இந்த ஆப்பைப் பாவிக்கமாட்டார்களே என்றான். கொம்பனிக்கு யோசனை எழுதிப்போடுகிற இடம் ஒன்று இருக்கிறது, எழுதிப் பாருங்கள் அக்கா என்று திறந்து கொடுத்தான். பிரேமினி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பார்க்கிற ஆள் பார்க்கும்போது, பார்க்கப்படுகிற ஆளுக்கும் அது தெரியவேண்டும். அனுப்பினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று போன் உடனே சொன்னது. அவ்வளவு சீக்கிரமாக நன்றி சொல்கிறவன் கருத்தைப் படித்திருக்கமாட்டான் என்று அவளுக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் தோட்டத்து பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். மழை தூறியது. சப்பாத்துப் பெட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றபோது றொக்சனின் மெசேஜ் வந்தது. எங்க இருக்க என்று கேட்டிருந்தான். சாதாரணக் கேள்வி. ஹட்டனில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வந்தேன் என்று எழுதவேண்டியதுதான். எழுதவும் தொடங்கினாள். பாதியில் விரல் நின்றது. கொம்பனிக்காரன் மணி அடிக்காவிட்டால் என்ன, நாமே அடித்துப் பார்க்கலாமே என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. வீட்ல என்று எழுதி அனுப்பினாள். மேப்பைப் பார்க்கிறவனாக இருந்தால் பொய்யைப் பிடிப்பான், சண்டைக்கு வருவான், அப்போது அவன் சத்தியத்தை நானும் கேட்கலாம் என்று கணக்குப் போட்டாள். கல்யாணம் முடித்த நாள் முதலாக அவனுக்கு அவள் சொன்ன முதல் பொய் அது.

பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று பதிலாக வந்தது. வேறொன்றும் வரவில்லை. நம்பி அனுப்பினானா, பார்த்துவிட்டு மனதுக்குள் வைத்துக்கொண்டு அனுப்பினானா? அந்த விரலை எவ்வளவு நேரம் பார்த்தும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்னைவிட மோசமான இடத்துக்கு வந்து நின்றதுதான் மிச்சம்.

அப்போதுதான் அது உறைத்தது. றொக்சன் இனி மாமிக்குக் கோல் எடுப்பான். சனிக்கிழமையில் எடுக்காமல் இருக்கமாட்டான். பிரேமினி ஹட்டனுக்குப் போயிருக்கிறாள் என்று மாமி கள்ளமில்லாமல் சொல்வார்.  உண்மையைச் சொல்லி மெசேஜைத் திருத்தியிருக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். பதறிய நேரத்தில் யாருக்குப் புத்தி வேலை செய்கிறது? மாமிக்குக் கோல் எடுத்தாள்.

"மாமி, அவரு பேசினாரா?"

"இல்லியே பிள்ள."

"பேசினா... நா வீட்லதான் இருக்கேன்னு சொல்லுங்க மாமி."

 அந்தப் பக்கம் சுலக்ஷனா பாட்டுப் பாடுவதும், அடுப்பில் ஏதோ கொதிப்பதும் கேட்டது. மாமி எழுந்து வெளியே வந்திருக்கவேண்டும், பிள்ளையின் பாட்டுச் சத்தம் குறைந்தது.

"நீ இப்ப எங்க இருக்க?" என்றார் மாமி. பிள்ள என்ற வார்த்தை அதில் இல்லை.

"ஹட்டன்லதான் மாமி. பஸ் ஸ்டாண்ட்ல. ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான வந்தேன், புள்ளைக்குச் சப்பாத்து வாங்க."

அத்தனையும் உண்மை. ஆனாலும் அவள் குரல் நடுங்கியது, நடுங்குவது அவளுக்கே கேட்டது. தன்னைப்போல ஒருத்தி இப்படிப் பேசினால் தானே நம்பமாட்டாள் என்று தோன்றியது.

"வீடியோல வா, பாப்பம்," என்றார் தெரேசா மாமி.

பிரேமினி வீடியோவைப் போட்டாள். மழையில் போனைத் தூக்கிப் பிடித்து, நிற்கிற பஸ்களையும், கடைகளையும், சப்பாத்துப் பெட்டியையும் ஒவ்வொன்றாக மாமிக்குக் காட்டினாள்.